குளியலறையில் விழாத என் தங்கை

1

கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான் குடியிருக்கும் இந்த இங்கிலாந்துச் சிற்றூரில் சாலை, குப்பை, தெருவிளக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது கவுன்சில்தான். என் காரின் முன் டயர் ஒரு சாலைப் பள்ளத்தில் இறங்கிக் கிழிந்துபோனதற்கு நஷ்டஈடு கேட்டிருந்தேன். டயர் விலையில் முக்கால் பங்கு தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று கீழே ஒரு வரி வேறு. சாலை போட்டவர்கள் என்னிடம் வருத்தம் தெரிவிப்பது என் நாற்பத்து நான்கு வயதில் இதுதான் முதல் தடவை. அந்த வரியை நான்கைந்து முறை படித்தேன்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் தங்கை மஞ்சுளா போன வருடம் இதே ஐப்பசி மழையில், ஒரகடம் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் ஸ்கூட்டியோடு விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவளுக்கு இப்படி ஒரு வரி வரவில்லை. வராததற்குச் சாலை போட்டவர்கள் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி நான். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் வந்த பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

2

முதலில் டயர் கதை.

தினமும் காலையில் மகள் நிலாவைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். பள்ளிக்குப் போகும் வழியில், தபால்பெட்டிக்கு எதிரே அந்தப் பள்ளம். "பள்ளம் வருது, பிடிச்சுக்கோ" என்பேன். "பிடிச்சிட்டேன்" என்பாள். நான் தமிழில் என்ன பேசினாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பன்னிரண்டு வயதுப் பெண், தமிழில் பதில் சொல்கிற ஒரே இடம் அதுதான். அதனால் எனக்கு அந்தப் பள்ளத்தின் மேல் கொஞ்சம் பாசமே உண்டு.

பனி உருகிய ஒரு பிப்ரவரி காலையில் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. ஆழம் கூடியிருந்தது தெரியவில்லை. டயர் போயிற்று. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். கவுன்சிலிடம் காசு கேள் என்றார். சிரித்துவிட்டேன். பள்ளத்தில் விழுந்ததற்குக் காசு கேட்பதா? எங்கள் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தவனை, கண்ணு இன்னா பொடனிலயா கீது என்று நாலு பேர் கேட்பார்கள். காசு தருவது இருக்கட்டும், விழுந்தவனே எழுந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்றால் நிம்மதியாகக் கிளம்பிவிடுவான்.

ஆனாலும் கவுன்சில் இணையதளத்தில் படிவத்தைத் திறந்தேன். எந்த இடம், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், அளவு தெரிய பக்கத்தில் ஒரு பொருளை வைத்துப் படம். நிலா தன் பள்ளிக்கூட ஸ்கேலைப் பள்ளத்தில் நிறுத்திப் பிடித்தாள், நான் படம் எடுத்தேன். எல்லாம் சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கேள்வி: இந்தப் பள்ளம் அங்கே இருப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா?

தெரியாது என்று போட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே போடுவார்கள்? நிலா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தினமும் சொல்றீங்களே, பிடிச்சுக்கோன்னு" என்றாள். அதைத் தமிழிலேயே சொன்னாள். வேறு வழியில்லாமல் தெரியும் என்று மாற்றினேன். அந்த மாற்றத்தால்தான் கால் பங்கு குறைந்திருக்கிறது என்று இன்றைய கடிதத்தில் நாகரிகமாக எழுதியிருக்கிறார்கள். முக்கால் பங்கும் அந்தப் பதிலோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது.

3

இனி மஞ்சு.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று நீங்கள் பார்க்கிற கம்பெனி மதில்களுக்கு நடுவில்தான் எங்கள் ஊர். நான் அங்கே ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தேன். மஞ்சு பிளஸ் டூ முடித்ததும் போன் உதிரி பாகங்கள் பொருத்தும் லைனில் சேர்ந்தாள். அரிசிமணியைவிடச் சின்னதான கனெக்டரை இடுக்கியால் எடுத்துப் பலகையில் உட்கார வைக்கிற வேலை. லைனில் அவள்தான் வேகம். புதிதாக வரும் பெண்களை, தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைகளை, சூப்பர்வைசர் அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். அவள் பேரில் காண்ட்ராக்ட் வருடா வருடம் தானாகப் புதுப்பிக்கப்பட்டு வந்தது.

கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து புருஷன் வீட்டுக்கு ஸ்கூட்டி. அந்தச் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து மழைக்குள் வரும்போது, சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் நின்ற இடத்தில் வண்டி இறங்கியது. டீக்கடைக்காரர் ஒருவர்தான் தூக்கி உட்கார வைத்திருக்கிறார். மாப்பிள்ளை கோபி ஓடிவந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து எனக்குப் போன்.

எனக்கு அது மதிய உணவு இடைவேளை. கார் நிறுத்துமிடத்தில் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், ரோட்ல வுழுந்துச்சுன்னா போலீசுக்கு எழுதணும்ன்றாங்க. வண்டிக்கு இன்சூரன்ஸ் வேற முடிஞ்சி கீது. இன்னா சொல்றது?"

என் மனதில் வந்தது பழைய கம்பெனி நண்பன் ஒருவனுடைய பைக். விபத்துக்குப் பிறகு அது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் எத்தனையோ மாதம் வெயிலில் கிடந்து, கடைசியில் அதன் சீட்டுக்குள் பூனை குட்டி போட்டது. எனக்கு இருந்த அனுபவம் அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

"வூட்ல பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான்னு சொல்லுங்க மாப்ள. எல்லாரும் அதான் சொல்றாங்க. யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க, மாத்தி மாத்திப் பேசிடாதீங்க."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சொன்னதில் பொய் இல்லாத பகுதி ஒன்று உண்டு. எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து எலும்பு ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளை மட்டும் படிக்கிற ஒருவர், இந்த ஜனங்கள் சாலையில் விழுவதே இல்லை, குளிக்கப் போனால்தான் விழுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். போலீஸ், கோர்ட்டு, அலைச்சல் என்று எதுவும் வேண்டாம் என்கிற பயத்தில் எல்லோருக்கும் வாயில் வருகிற முதல் இடம் பாத்ரூம். நானும் அப்படி ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டு, சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டு, வேலைக்குப் போனேன். பிரச்சினையைச் சாமர்த்தியமாகத் தீர்த்துவிட்டதாக அன்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

மணிக்கட்டில் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். எலும்பு சேர்ந்தது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒன்றைப் பிடிக்க மாட்டோம் என்றன. லைனிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்த வருடக் காண்ட்ராக்ட் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை.

4

ஆகஸ்டில் மூன்று வாரம் ஊருக்குப் போனோம். கவுன்சிலுக்கு மனுப் போட்டிருந்த சூடு எனக்கு ஆறவில்லை. டயருக்கே கேட்கலாம் என்றால் கைக்குக் கேட்கக் கூடாதா? விமானத்திலேயே நஷ்டஈடு மனுவை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன். புதிதாகச் சைக்கிள் கற்றவன் மாதிரி எல்லாரையும் பின்னால் ஏறச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மஞ்சு வீட்டுக்குப் போனதும் குளியலறையைப் பார்த்து அசந்துபோனேன். புதுத் தரை. கால் வழுக்காத சொரசொர டைல்ஸ். சுவரோரமாகப் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி. பிரமாதம் என்று மெச்சினேன். கோபி தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மாதான் விளக்கம் சொன்னார். மஞ்சு விழுந்த அன்று அவர் தண்டலத்தில் மகள் வீட்டில் இருந்தாராம். திரும்பி வந்தால், பாத்ரூமில் பாசி பிடிக்க விட்டு மருமகளைக் கையொடிய வைத்தவள் என்று சொந்தபந்தம் முழுக்கப் பேச்சு. தன் வளையல் ஒன்றைக் கொடுத்துத் தரையை மாற்றியிருக்கிறார்.

யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள் என்று நான் சொன்னதைக் கோபி அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறான். பெற்ற தாயிடமும் அதையே சொல்லியிருக்கிறான். ஸ்கூட்டியில் இருந்த கீறலுக்கு, ஸ்டாண்டு சரிந்துவிட்டது என்று தனியாக ஒரு பொய். பீரோவில் ஒரு வாழ்த்து அட்டை ஒட்டியிருந்தது. சீக்கிரம் குணமாகுங்கள் அத்தை என்று நிலா இங்கிருந்து வரைந்து அனுப்பியது. அதில் மஞ்சு ஒரு குளியல்தொட்டிக்குள் நுரைக்கு நடுவே கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு மஞ்சள் வாத்து மிதக்கிறது. உறவினர் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை என் மனைவி நிலாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

மறுநாள் கோபி என்னைப் பள்ளத்தைப் பார்க்கக் கூட்டிப்போனான். ஒன்றும் மாறவில்லை. யாரோ ஒரு மரக்கிளையை நட்டு சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். கம்பெனி பஸ்கள் பழக்கப்பட்ட மாடு போல அதைச் சுற்றிக்கொண்டு போயின. குனிந்து பார்த்தேன். பள்ளத்துக்குள் சேற்றில் நீலப் பூப் போட்ட ஓட்டுத் துண்டுகள். எங்கேயோ பார்த்த டிசைன்.

"எங்க பாத்ரூம்ல பேத்த டைல்ஸு மச்சான். இன்னொருத்தர் வுழக் கூடாதுன்னு நாலு மூட்டை கொண்ணாந்து கொட்டினேன். டிரெய்லர் ஏறி ஏறி எல்லாம் வெளிய வந்துச்சு."

வீட்டில் எதையாவது இடித்தால் அந்த இடிபாட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம்தான். சாலைக்கு நாங்கள் செய்கிற பராமரிப்பு அது. ஆனால் அன்று ஒரு ஓட்டுத் துண்டைக் கையில் எடுத்துச் சேற்றைத் துடைத்தேன். சாலையில் விழுந்தவளுக்காக நாங்கள் குளியலறையைச் சரிசெய்திருக்கிறோம். அப்போதும் என் புத்திக்கு முழுதாக எட்டவில்லை. அது ஆஸ்பத்திரி வாசலில் சொன்ன ஒரு வார்த்தை, காற்றோடு போயிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

அந்தச் சாலை யாருடையது என்று கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. அது மூன்றாவதைக் காட்டியது. மூன்றாவது அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, முதல் அலுவலகத்துக்கே போகச் சொன்னார். கடைசியில், கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவிக்கு உட்கார்ந்திருந்த ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தோம். மஞ்சு, கோபி, நான்.

வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். படித்தவர் நீங்கள் துணைக்கு வந்திருக்கிறீர்கள், நல்லது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு தாளில் பெயரும் கையெழுத்தும் போடச் சொல்லி மஞ்சுவிடம் நீட்டினார். மஞ்சு பேனாவை இடது கையில் வாங்கினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். வாரா வாரம் வீடியோவில் பேசுகிற எனக்கு அது தெரியாது.

ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத் தெரிவிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. கம்பெனி மருத்துவ இன்சூரன்சுக்குப் போன தாளிலும் அதே வரி. இதைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்காரர்களிடம் என்ன கேட்பீர்கள் என்றார். வேலை முடிந்து வீடு திரும்புகிற வழியில் பட்ட அடியை வேலையில் பட்ட அடியாகவே கணக்கில் எடுக்க, தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டத்தில் இடம் உண்டு, கை ஊனத்துக்கு மாதாமாதம் ஏதாவது வர வழி இருந்திருக்கும், அந்தக் கதவையும் இந்த ஒரு வரி சாத்தி வைத்திருக்கிறது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இப்படிச் சொல்லச் சொன்னது யாரு?"

கோபி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். மஞ்சுதான் பேசினாள்.

"நான்தான் மேடம். வலில இன்னா பேசினேன்னே தெரில."

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. படித்தவர் என்று சொன்ன அந்த அம்மாள் முன்னால் படித்தவனாகவே உட்கார்ந்திருந்தேன். வேறு காரணம் எதுவும் சொல்ல என்னிடம் இல்லை.

"கேஸ் நிக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார் வக்கீலம்மா. "ஆனா இந்த வரியை இப்படியே விட்டா நிக்கவே நிக்காது. தூக்கி விட்ட டீக்கடைக்காரர் எழுதிக் கொடுக்கணும். ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு காரணமும் வேணும். அதை விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடணும். வலில உளறினேன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க உளறுற ஆளாத் தெரியல."

வெளியே வந்து கரும்புச் சாறு வாங்கிக் குடித்தோம். நீ நல்லதுக்குத்தான சொன்ன, விடுணா என்றாள் மஞ்சு. இடது கையில் டம்ளரைப் பிடித்திருந்தாள். நான் சாறுக்குக் காசு கொடுத்தேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான். அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டேன்.

6

இதோ, கடிதம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நிலா அதைப் படித்துவிட்டு, தெரியும் என்று எழுதியதால் கால் பங்கு போய்விட்டதே, வருத்தமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கிறது என்றாள்.

சொன்னேன். சுருக்கிச் சொல்லலாம் என்று ஆரம்பித்து, சாண்ட்விச் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் தமிழுக்குள் அவள் எங்கெங்கே தொலைந்துபோனாளோ அங்கெல்லாம் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னாள். இவ்வளவு நேரம் அவள் என்னோடு தமிழில் உட்கார்ந்தது சமீபத்தில் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நான் வரைஞ்ச கார்டு தப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். கவுன்சில் படிவத்தில் என்னைத் திருத்திய அதே முகம்.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் போலீஸ் மேல் பயம், ஊர் வழக்கம், தூரம் என்று காரணங்கள் ஒரு பக்கத்துக்கு இருந்தன. இரண்டாவதில் மாப்பிள்ளை பதற்றத்தில் கேட்டதால் என்று ஆரம்பித்திருந்தேன். அதைக் கிழிக்கும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது. கடைசியில் நின்றது இதுதான்: என் தங்கை மஞ்சுளா சாலைப் பள்ளத்தில் விழுந்துதான் கையை உடைத்துக்கொண்டாள். குளியலறை என்று சொல்லச் சொன்னது அவளுடைய அண்ணனாகிய நான். யாரிடமும் மாற்றிச் சொல்லக் கூடாது என்று சொன்னதும் நான்.

வக்கீலம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். இங்கேயே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், ஏற்கெனவே தாமதம், இனியும் தாமதம் வேண்டாம் என்று பதில் வந்தது. வியாழக்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். கேஸ் நிற்குமோ, விழுமோ, எனக்குத் தெரியாது. பொய் சொல்லிக் கொடுத்தவன் என்று நாளைக்கு யாராவது என்னைக் கூண்டில் நிறுத்திக் கேட்டால், ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான்.

மஞ்சுவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம். அவள் அடுப்படியில் இருந்தாள். போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு, இடது கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேளு மஞ்சு என்று சொல்லி, எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். நறுக்குகிற சத்தம் நின்றது. உனக்கு எதுக்குணா இதெல்லாம் என்பாள், உன் வேலைக்கு ஏதாவது வந்துடப் போகுது என்பாள் என்று நினைத்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

திரும்பி, மாமியார் எங்கே இருக்கிறார் என்று பார்த்தாள். பிறகு முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அப்போ ரோட்லதான் வுழுந்தேன்னு இனிமே சொல்லலாமாணா? எங்க அத்தைகிட்டயும்?"

ஒரு வருடமாக அவள் அதற்கு என் அனுமதிக்காகக் காத்திருந்திருக்கிறாள். சொல்லு மஞ்சு, இப்பவே போய்ச் சொல்லு என்றேன். போனை அணைக்காமலே எழுந்து போனாள். நறுக்கி முடிக்காத வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.